மாமன் பட்டில் ஒடிந்த ஊசி

போன வாரம் கடைக்கு வந்தபோது உங்களில் ஒருத்தியிடம் கேட்டேன், ஊசி ஒடிந்தால் என்ன செய்வாய் என்று. "வேற ஊசி போடுவேன்க்கா" என்று சொல்லிவிட்டுச் செல்போனைப் பார்க்கப் போய்விட்டாள். யாரென்று சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும். முதலில் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். முப்பது வருஷம் நூல் கோத்த கை, பேனாவைப் பிடித்தால் கோணல் மாணலாகப் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் கடை வேறு. கம்ப்யூட்டர் மெசினில் டிசைனை ஏற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறீர்கள். ஆரி வேலைக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. நான் கடை போட்ட காலத்தில் ராமநாதபுரத்தில் எம்ப்ராய்டரி என்றால் தலையணை உறையில் 'குட் நைட்', வாசல் திரையில் 'நல்வரவு', அவ்வளவுதான். கல்யாண ரவிக்கையில் பூவேலை போடும் பழக்கம் மெல்ல மெல்லத்தான் வந்தது. கூடவே பயமும் வந்தது. முகூர்த்தத் துணி என்றால் ஆயிரம் பார்ப்பார்கள். கறுப்பு நூல் ஆகாது, மயிலுக்குக் கண்கூடக் கரும்பச்சையில்தான் வைக்க வேண்டும். கிளியோ மயிலோ ஒற்றையாகப் போடக் கூடாது. ஒருமுறை நான் துணியை வெட்டும்போது தும்மிவிட்டேன் என்று ஒரு அம்மாள் துணியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். இதில் பாதியின்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. கொண்டுவருகிறவர்களுக்கு இருக்கிறதே, என்ன செய்ய.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த அம்மாள் ஒரு விதி வைத்திருந்தார். முகூர்த்தத் துணியில் ஊசி ஒடிந்தால் வந்தவர்களிடம் மூச்சு விடக் கூடாது. அபசகுனம் என்று துணியையே தூக்கி எறிந்துவிடுவார்கள், வாயை மூடிக்கொண்டு வேறு ஊசி மாட்டு என்பார். நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துத் துணியில் வளையம் பூட்டக் காட்டியவர். ஆனால் அந்த ஒரு பாடம் தப்பு. தப்பு என்று எனக்குத் தெரிவதற்கு ஒரு கல்யாண வீடு நாறிப்போக வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில், ஒரு ஆவணி மாதம். சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து பஞ்சவர்ணம் என்று ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். உரத்துப் பேசத் தெரியாதவள். அதே ஊரில் இருக்கும் அவள் புருஷனின் தங்கை மகள் செல்விக்குக் கல்யாணம். தாய்மாமன் வீட்டுச் சீராகப் பட்டும் ரவிக்கையும் போக வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நலங்கு வைக்கும்போது பெண் அந்த மாமன் பட்டை உடுத்தித்தான் மணையில் உட்கார வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

ரவிக்கையின் பின்கழுத்தில் ஜோடி மயில் வேண்டும் என்றாள். எதற்கு முதுகில் என்று கேட்டேன். நலங்கு வைக்கிறவர்கள் நாலைந்து பேர்தான் முன்னால் நிற்பார்கள், ஊர் மொத்தமும் பின்னால்தான் நிற்கும், பார்க்கட்டுமே என்றாள். அந்த வட்டாரத்தில் அதுவரை யாரும் அப்படிப் போட்டதில்லை.

நான் துணியை அளந்துகொண்டிருக்கும்போது, கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். செல்வியை அவள் மகனுக்குக் கட்டுவதாகத்தான் சின்ன வயதிலிருந்தே பேச்சு. முறை மாப்பிள்ளை. கடைசியில் செல்வியின் அய்யா, நிலபுலன் உள்ள மனிதர், மகளைப் பரமக்குடிப் பக்கம் அரசாங்க உத்தியோகக்காரனுக்குப் பேசி முடித்துவிட்டார். பஞ்சவர்ணத்தின் மகன் கோபித்துக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். வருத்தமில்லையா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"இருக்கு தாயி, இல்லாமயா? அதுக்காக நான் தூக்கி வளத்த புள்ளைய மொட்டையா அனுப்பச் சொல்றீகளா?"

மயிலை நன்றாகப் போட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். நன்றாகவும் போட்டேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, என் கையால் போட்டதில் அது முதல் மூன்றுக்குள் வரும்.

நலங்கு நாள் காலை ஏழரைக்கு வாங்கிப்போக வந்தாள். ரவிக்கையை விரித்துக் காட்டினேன். தைத்து, உள்துணி கொடுத்து, கொக்கி வைத்து, எல்லாம் முடிந்த ரவிக்கை. விரலால் மயிலைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியது. கொண்டை மட்டும் கொஞ்சம் ஜரிகையில் மின்னினால் தேவலை என்றாள், தயங்கித் தயங்கி. உங்களுக்குத் தெரியும், தைத்து முடித்த ரவிக்கையை மறுபடி வளையத்தில் பூட்டக் கூடாது. கேன்வாஸ், உள்துணி, ஏற்கெனவே நிறைத்த நூல் என்று அடுக்கடுக்காக இருக்கும், ஊசி தாங்காது. எனக்கும் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வெற்றிலை பாக்கு வாங்கி வந்துவிடுங்கள், அதற்குள் முடித்துவிடுகிறேன் என்று அனுப்பினேன்.

இரண்டாவது கொண்டையில் ஊசி ஒடிந்தது. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மேல் துண்டு மெசினிலேயே நின்றது. நுனித் துண்டைக் காணவில்லை. ஊசி நுனி தெறித்து ஓடுவது சகஜம், ஒருமுறை என் மூக்குத்தியில் பட்டுத் தெறித்திருக்கிறது. ரவிக்கையை உதறினேன். உள்ளும் புறமும் கையால் தடவினேன். எதுவும் குத்தவில்லை. வேறு ஊசி மாட்டிக் கொண்டையை முடிப்பதற்கும் பஞ்சவர்ணம் படியேறுவதற்கும் சரியாக இருந்தது. ஒடிந்ததைச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லித்தந்தபடி வாயை மூடிக்கொண்டேன். மஞ்சள் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எட்டரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அவள் போன பிறகு காந்தத்தை எடுத்துத் தரையைத் துழாவினேன். குண்டூசி வந்தது, பழைய கொக்கி வந்தது, என்றைக்கோ தொலைந்த ஹேர்பின் வந்தது. நுனி வரவில்லை. மெசினின் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பாயைத் தூக்கி உதறினேன். என் சேலைக் கொசுவத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஒன்பது. அது ரவிக்கைக்குள்தான் போயிருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதுதான் முக்கியம். ஒன்றும் செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தெருவுக்குத் தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். காக்காயா கொத்திக்கொண்டு போகும் என்று என் மனசே என்னைக் கேலி செய்தது. போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கல்யாண வீட்டில் போய், உங்கள் பெண் ரவிக்கையில் ஊசி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அந்த வீட்டு ஆம்பிளைகளின் கோபம் அந்தப் பக்கம் பிரசித்தம். கடையின் பேர் கெட்டுப்போகும். கல்யாண வேலைக்கு இனி ஒருத்தியும் படியேறமாட்டாள். அப்போதுதான் நாலு பேர் பூவேலை என்று தேடிவர ஆரம்பித்திருந்தார்கள். பயந்தேன், வேறு வார்த்தை இல்லை. பயத்தை யோசனை என்று பேர் மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரை வாக்கில் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்ள ஒன்று செய்தேன். கையால் தடவிப் பார்த்தோமே, குத்தவில்லையே, அப்படியானால் உள்ளே இல்லை என்றுதானே அர்த்தம் என்று நிரூபிக்கப் பார்த்தேன். வெட்டுத் துணியில் அதே மாதிரி கேன்வாஸும் உள்துணியும் வைத்து, ஒரு பழைய ஊசியின் நுனியை ஒடித்து நடுவில் செருகி, நூலால் நிறைத்தேன். தடவினேன். வழவழவென்று இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. சரி என்று அதை என் பிடரியில் வைத்து, இன்னொரு கையால் அழுத்திக்கொண்டு, தலையைக் குனிந்தேன். நலங்குக்கு உட்காருகிற பெண் குனிந்துதானே உட்காருவாள்.

சுருக்கென்று ஏறியது.

கடையைப் பூட்டினேனா இல்லையா என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. ஒடிந்த ஊசியின் மேல் துண்டைக் காகிதத்தில் மடித்து என் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கிடைத்தது பன்னிரண்டரை பஸ். சிக்கல் தாண்டும்வரை பிடரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பேன் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாள். நலங்கு தள்ளிப்போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கும்பிட்டேன். ஒரு திட்டமும் போட்டேன். கொக்கி ஒன்று சரியில்லை, தைத்துத் தருகிறேன் என்று ரவிக்கையை வாங்கி, மூலையில் உட்கார்ந்து நுனியை உருவிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வந்துவிடுவது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். அப்போதும் தப்பிக்கத்தான் வழி தேடியிருக்கிறேன்.

சாயல்குடியில் இறங்கி இரண்டு மைல் நடை. இரண்டு பக்கமும் பனையும் உடைமரமும், கால் வைக்கிற இடமெல்லாம் சூடு. ஊர் கிட்டே வந்துவிட்டேன். கல்யாண வீட்டு ரேடியோ செட் சத்தம் கேட்கவில்லை. நம் பக்கத்தில் பந்தக்கால் ஊன்றினால் தாலி கட்டும்வரை ஸ்பீக்கர் குழாய் ஓயாது, காது கிழியும். கொட்டகை தெரிந்தது, வாழைமரம் தெரிந்தது, பனைமரத்தில் கட்டிய குழாய் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

வாசலில் ஒரு ஜீப் நின்றது. உள்ளே மூன்று பொம்பளைகள் பட்டுச் சேலையில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், நலங்கு வைக்க வந்தவர்கள். சாப்பிடாமல் ஜீப்பில் ஏறிவிட்டார்களாம். தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒருத்தியிடம் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"பொண்ணு ரவிக்கையில ஊசி வச்சுட்டா அவ அத்தகாரி. செய்வினை. தன் மகனுக்குக் குடுக்கலேங்கிற காந்தல். நலங்குல குனிஞ்ச புள்ளைக்குப் பொடதியில ரத்தம் வந்துருச்சு."

கோடாங்கிக்கு ஆள் போயிருக்கிறது என்றும் சொன்னாள். குறி பார்த்து அவள்தான் என்று அவர் வாயால் வந்துவிட்டால், அவளை ஊரைவிட்டே விலக்கிவிடுவார்களாம். மாப்பிள்ளை வீட்டார் அந்த வார்த்தைக்காகத்தான் ஜீப்பில் காத்திருக்கிறார்களாம். செய்தவள் யாரென்று தெரிந்து, அவளை அடித்துத் துரத்தி, பரிகாரம் பண்ணினால் கல்யாணம். இல்லையென்றால் ஜீப் கிளம்பிவிடும்.

நான் திரும்பினேன். ஆமாம், திரும்பினேன். பத்தடி நடந்தேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. பஞ்சவர்ணத்துக்கு மட்டும்தான் தெரியும், அவள் சொன்னால் நம்பப்போவது யார்? பஸ் ஏறிவிட்டால் முடிந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அந்தப் பத்தடியையும் நடந்தவள் நான்தான்.

மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பஞ்சவர்ணம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. அவளைச் சுற்றி யாரும் இல்லை. வரும்போது கவனிக்கவில்லை, இப்போது அந்த வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்கு ஓடவில்லை போலிருக்கிறது. சீர் வீட்டுக்காரி, கல்யாணத்துக்கு வந்த ஆளைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வாங்க தாயி. இம்புட்டு வெயில்லயா வந்தீக? சாப்பிட்டீகளா?"

அங்கிருந்து திரும்பி நேரே கல்யாணக் கொட்டகைக்குள் போனேன். தைரியம் வந்து போகவில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க முடியாமல் போனேன்.

கோடாங்கி வந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் விபூதிக்கு நடுவே நெல் அளவுக்கு என் ஊசி நுனி. சுற்றி இருபது முப்பது ஆம்பிளைகள், செல்வியின் அய்யா நடுவில். பஞ்சவர்ணத்தின் புருஷனும் அந்தக் கூட்டத்தில்தான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே பெண்ணின் அம்மா ஒப்பாரி மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் எல்லாத் தலையும் திரும்பியது. ராமநாதபுரத்தில் எம்ப்ராய்டரி கடை வைத்திருக்கிறேன், அந்த ரவிக்கையில் பூவேலை போட்டது நான், காலையில் ஊசி ஒடிந்தது, நுனி உள்ளே போய்விட்டது, அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

நான் நினைத்தது என்ன தெரியுமா? உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. செல்வியின் அய்யா எழுந்து கிட்டே வந்தார்.

"ஏம்மா, அவ வைக்கச் சொன்னா, நீ வச்ச. இப்ப கோடாங்கி வந்ததும் பயந்துகிட்டு ரெண்டு பேரும் சேந்து கதை கட்டுறீகளா?"

கூட்டம் நெருங்கியது. ஒரு ஆள் என் கைப்பையைப் பிடித்து இழுத்தான். கூட்டுக்களவாணி என்று என்னையும் அவள் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று தெரிந்தது. காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். ஒடிந்த மேல் துண்டு இது, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்றேன். யாரும் தாம்பாளத்துக்குக் கிட்டே வரவில்லை. அவ்வளவு பெரிய மனிதர், எத்தனையோ பஞ்சாயத்துப் பண்ணியவர், அந்த நெல்லளவு இரும்பைத் தொடப் பயந்தார். கோடாங்கி கையை நீட்டித் தடுத்தார். யாரும் தொடக் கூடாது, கலயத்தில் போட்டுச் சேதுக்கரைக் கடலில் விட வேண்டும், தொட்டவர்கள் குடும்பம் விளங்காது என்றார்.

எனக்கும் கொஞ்சம் திக்கென்றது. பொய் சொல்லமாட்டேன். என் ஊசி என்று தெரிந்தும், அந்த விபூதிக்கு நடுவில் அதைப் பார்த்தபோது வேறு என்னமோ மாதிரிதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பின்னால் பொம்பளைகள் அய்யோ என்றார்கள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தால் கை நிற்கவில்லை. நுனி இரண்டு தடவை நழுவியது. காட்ட முடியவில்லை. கூட்டத்தில் ஒருத்தன், கை நடுங்குறதைப் பாருங்கப்பா, குத்தமுள்ள கை என்றான்.

அப்போது உள்ளேயிருந்து செல்வி வந்தாள். பிடரியில் மஞ்சள் அப்பியிருந்தது. பட்டைக் கழற்றிவிட்டு வேறு சேலை கட்டியிருந்தாள். அதுவரை பயத்தில் வாய் திறக்காமல் இருந்த பெண். நேராக வந்து என் கையிலிருந்து இரண்டு துண்டையும் வாங்கினாள். அவள் அம்மா உள்ளேயிருந்து கத்தியதைக் காதில் வாங்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பொருத்தினாள்.

"அய்யா, இது மெசின் ஊசி. மெசின் ஊசிக்கு நுனியிலதான் காது இருக்கும். இங்கன பாருங்க, காது பாதி இதுல இருக்கு, பாதி அதுல இருக்கு. அத்த ஒண்ணும் செய்யல."

அவர் வாங்கிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தார். பொம்பளை என்பதால் பிழைத்தாய் என்றார், கடையைக் கொளுத்திவிடுவேன் என்றார், இன்னும் எழுத முடியாததெல்லாம் சொன்னார். நான் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது. கோபம் என் பக்கம் திரும்பிவிட்டதென்றால் அவளைவிட்டுப் போய்விட்டது என்றுதானே அர்த்தம். கோடாங்கி உடுக்கையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அதான் எனக்குக் குறி இறங்கலே என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்தி எந்தப் பக்கம் என்று விசாரித்தார்.

அரைமணி நேரத்தில் ஜீப்பிலிருந்து பொம்பளைகள் இறங்கிவிட்டார்கள். குழாய் பாடத் தொடங்கியது. இலை போட்டார்கள். பெண்ணின் அம்மா மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய், வாங்க மதினி, சீர்த் தட்டை எடுத்து வைங்க, நேரமாவுது என்று கூப்பிட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷன்கூட, முகத்தைக் கழுவிட்டு வா என்றுதான் சொன்னான்.

இந்தக் கதையைப் பிற்பாடு கடையில் நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கோடாங்கி பந்தியைத் தேடின இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒற்றையாளாகப் போய் நின்றீர்களே அக்கா என்று மெச்சுவார்கள். நானும் மெச்சலை வாங்கிக்கொண்டு அதோடு நிறுத்திவிடுவேன். அதற்கு அப்புறம் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் கிளம்பும்போது பஞ்சவர்ணம் ஊர் எல்லை வரை கூட வந்தாள். வரவேண்டாம் என்றாலும் கேட்கவில்லை, தாம்பூலம் வாங்காமல் போகக் கூடாது என்றாள். இடது கையில்தான் வெற்றிலையைப் பிடித்திருந்தாள். கொடுக்கும்போது, இடது கையால் கொடுக்கக் கூடாதே என்று சங்கடப்பட்டு, வலது கைத் துணியை அவிழ்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நடுவில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கோடாங்கிக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால், நீ செய்யவில்லை என்றால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணு என்றிருக்கிறார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையில் வைத்து, முழுசாக அணைகிறவரை பிடித்திருக்கிறாள். அப்படியும் அவர்களுக்குத் திருப்தியாகவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எத்தன மணிக்குத் தாயி ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். மத்தியானம்தான் பார்த்தேன், பார்த்ததும் ஓடிவந்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். எல்லாரையும் நம்புகிறவள்தான் அவள். என்னவோ முடியவில்லை. ஒன்பது மணிக்கு என்றேன்.

அவள் வெற்றிலையை என் கையில் வைத்தாள். வலது கையில் துணியை மறுபடி சுற்றிக்கொண்டாள்.

"எனக்குச் சூடம் ஏத்துனப்ப ஒரு மணி," என்றாள். "ஒம்பதரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கே தாயி."